பிரெக்ஸிட்: உரிமை அனுமதியான கதை

1973 ஜனவரி 1 அன்று பிரிட்டனில் இரண்டு காரியங்கள் நடந்தன. அந்த நாடு, பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அன்றுமுதல் ஓர் இத்தாலியத் தொழிலாளி யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்காமல் லண்டனில் வேலை பார்க்கலாம். அதே நாளில் 1971ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. பெற்றோர் வழியிலோ பாட்டன் வழியிலோ பிரிட்டிஷ் மண்ணோடு தொடர்பில்லாத இந்தியர், இலங்கையர், ஜமைக்காக்காரர் எல்லாரும் ஏறக்குறைய மற்ற வெளிநாட்டாரின் வரிசைக்குப் போனார்கள். பழைய பேரரசுக்காரர்களுக்குக் கதவைச் சாத்திய அன்றே ஐரோப்பாவுக்குத் திறந்தார்கள். தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறலாமா என்று பிரிட்டன் சண்டையிட்டபோது எழுந்த வாதங்களில் பாதிக்கு வேர் அந்த ஒரே நாளில் இருக்கிறது.

அந்த வாக்கெடுப்பில் யாருக்கு ஓட்டு இருந்தது என்று பார்த்தாலே இது தெரியும். பிரிட்டனில் முறையாக வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு அங்கே வாக்குரிமை உண்டு. ஆகவே 2016 ஜூன் 23 அன்று இந்தியப் பாஸ்போர்ட்டும் இலங்கைப் பாஸ்போர்ட்டும் வைத்திருந்தவர்கள் வாக்களித்தார்கள். இருபது ஆண்டுகளாக லண்டனில் வரி கட்டிய பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் வாக்களிக்க முடியவில்லை. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவர் மட்டும் விதிவிலக்கு. ஈழத்திலிருந்து எண்பது, தொண்ணூறுகளில் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் என்று சிதறி, அங்கே குடியுரிமை பெற்று, பிறகு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் சொந்தபந்தத்துக்காகவும் லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு நேரே லண்டன் வந்த தம்பிக்கு ஓட்டு இருந்தது. பாரிஸ் வழியாக வந்த அண்ணனுக்கு இல்லை. ஆனால் அந்த வாக்கெடுப்பில் தீர்மானமானது அண்ணனின் தலைவிதி.

வெளியேற 51.9 சதவீதம், இருக்க 48.1 சதவீதம் என்று முடிவு வந்தது. 2020 ஜனவரி 31 இரவு பிரிட்டன் வெளியேறியது. இடைக்கால ஏற்பாடு அந்த டிசம்பர் 31 இரவு 11 மணிக்கு முடிந்தது. தடையற்ற நடமாட்டமும் அதோடு முடிந்தது.

ஒன்றியத்துக்குள் இருக்கும்போது நடமாட்டம் ஓர் உரிமை. உரிமைக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. வந்தோம், வேலை பார்த்தோம், ஐந்து ஆண்டு இருந்தோம் என்றால் நிரந்தர வசிப்புரிமை தானாகவே வந்துவிடும். காகிதம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது உங்களுடையது. ஒன்றியத்தைவிட்டு வெளியே வந்ததும் அதே நடமாட்டம் அனுமதியாகிவிடுகிறது. அனுமதி என்றால் விண்ணப்பம், கட்டணம், கெடு, ஆதாரம், மறுப்பதற்கு ஓர் அதிகாரி எல்லாம் வரும். குடியேறிகளின் எண்ணிக்கை, சிறுபான்மையினரின் நிம்மதி, நாட்டின் ஒற்றுமை மூன்றும் சிக்கலானது இந்த ஒரு மாற்றத்தில்தான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

ஏற்கெனவே வந்திருந்தவர்கள்

முதல் சிக்கல், ஐரோப்பியர் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதே அரசுக்குத் தெரியாது. உரிமையோடு வந்தவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. குடிவரும் ஒவ்வொருவரும் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதியும் ஜெர்மானிய வழக்கமும் பிரிட்டனில் இல்லை. முப்பது, முப்பத்தைந்து லட்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 2021 ஜூன் 30 கெடுவுக்குள் வந்து குவிந்த விண்ணப்பங்கள் 60 லட்சத்துக்கும் மேல்.

இதற்காக உள்துறை அமைச்சகம் ஒரு திட்டம் வைத்தது. 2019 மார்ச் 30 அன்று முழுமையாகத் திறந்தது. 65 பவுண்டு கட்டணம் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் இலவசமாக்கினார்கள். வேலை எளிதாகத்தான் இருந்தது: கைபேசியில் ஒரு செயலி, அதில் பாஸ்போர்ட்டின் சிப்பைப் படிக்கவைப்பது, முகத்தைப் படம் எடுப்பது, தேசியக் காப்பீட்டு எண்ணைக் கொடுப்பது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கணினி வரித்துறை, நலத்திட்டத் துறைப் பதிவேடுகளைத் துழாவும். தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்த தடயம் கிடைத்தால் ‘செட்டில்ட்’, அதாவது நிரந்தர நிலை. குறைந்தால் ‘ப்ரீ-செட்டில்ட்’, அதாவது இன்னும் முழுமையாகாத தற்காலிக நிலை. எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது என்று அப்போது கணக்கு. பிரசவம், கடும் நோய், படிப்பு போன்ற காரணம் இருந்தால் ஒரே ஒருமுறை பன்னிரண்டு மாதம்வரை விட்டுக்கொடுத்தார்கள்.

பெரும்பாலோருக்கு இது சில நாளில் முடிந்த வேலை. மாட்டிக்கொண்டவர்கள் யார் என்று பார்த்தால்தான் அனுமதி என்ற ஏற்பாடு எங்கே இடிக்கும் என்று புரியும். வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்குச் சம்பளமும் இல்லை, வரிப் பதிவும் இல்லை. கணினிக்கு அவர்கள் இல்லாதவர்கள். கவுன்சில் வரி ரசீது, வங்கிக் கணக்கு விவரம், குடும்ப மருத்துவரின் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம் என்று ஆண்டு வாரியாகத் தேடி அடுக்க வேண்டியிருந்தது. கவுன்சில் வரியும் வாடகை ஒப்பந்தமும் கணவன் பெயரில் மட்டும் இருந்தால் அதுவும் உதவாது. முன்பே நிரந்தர வசிப்பு அட்டை வாங்கிவைத்த முதியவர்கள், நம்மிடம்தான் அட்டை இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டார்கள். 2021 ஜூன் 30க்குப் பிறகு அந்த அட்டை செல்லாது. பெற்றோர் விண்ணப்பித்தால் குழந்தைக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்தவர்கள் உண்டு. குழந்தைக்குத் தனி விண்ணப்பம். கிழக்கு ஐரோப்பாவின் ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினரான ரோமா மக்களில், எழுத்தறிவும் இணையமும் எட்டாத பலருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தாமதமாகத்தான் தெரிந்தது.

இன்னொரு பொறி ப்ரீ-செட்டில்ட் நிலைக்குள் இருந்தது. அது ஐந்து ஆண்டில் காலாவதியாகும். அதற்குள் இரண்டாம் முறை விண்ணப்பிக்காவிட்டால் இருந்த உரிமையும் போய்விடும் என்று வைத்திருந்தார்கள். குடிமக்களின் உரிமையைக் கண்காணிக்க வெளியேற்ற ஒப்பந்தத்தின்படி அமைக்கப்பட்ட சுதந்திர ஆணையமே அரசின் மீது வழக்குப் போட்டது. ஒருமுறை கிடைத்த உரிமையை, மறுபடி படிவம் நிரப்பவில்லை என்பதற்காகப் பறிப்பது சட்டவிரோதம் என்று 2022 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு காலாவதித் தேதியை அரசு தானாகவே நீட்டித்துவருகிறது.

இத்தனைக்கும் கையில் கொடுக்க ஓர் அட்டைகூடக் கிடையாது. எல்லாம் இணையத்தில். வீட்டு உரிமையாளரோ முதலாளியோ கேட்டால் கணக்கைத் திறந்து ஒரு ‘ஷேர் கோட்’ எடுத்துக் கொடுக்க வேண்டும்; அது 90 நாள் செல்லும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டுக் கணக்கில் புது எண்ணைச் சேர்க்க மறந்தவர்கள் விமான நிலையத்தில் மாட்டினார்கள். விமானக் கம்பெனியின் திரையில் அவர்களுக்கு அனுமதி இருப்பதாகத் தெரியவில்லை. ஓர் அட்டையாவது கொடுங்கள் என்று ஐரோப்பியர்கள் கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 1973க்கு முன்னால் முழு உரிமையோடு வந்த கரீபியன் மக்களிடம், நாற்பது ஆண்டு கழித்து ஆதாரம் எங்கே என்று கேட்டது இதே அமைச்சகம். அவர்கள் வந்திறங்கியபோது பதிந்த சீட்டுகளை 2010இல் அழித்ததும் அதே அமைச்சகம். வேலையும் வீடும் மருத்துவமும் இழந்தவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் என்று அந்த ‘விண்ட்ரஷ்’ விவகாரம் 2018இல் வெடித்து உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அட்டை கடைசிவரை வரவில்லை. மாறாக, மற்ற வெளிநாட்டவர் கையில் இருந்த அட்டைகளும் 2024 இறுதியோடு காலாவதியாகி, இந்திய மாணவர் உட்பட எல்லாரும் இணைய விசாவுக்கு மாறினார்கள்.

குடும்பம் சேர்வதிலும் இதே கதை. பிரான்ஸ் பாஸ்போர்ட் வைத்திருந்த லண்டன் தமிழர், யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியை அழைத்துவர முன்பெல்லாம் கட்டணமே இல்லாத ஒரு குடும்ப அனுமதி போதும். 2020 டிசம்பர் 31க்கு முன்பே உறவு இருந்திருந்தால் இப்போதும் அந்த வழி உண்டு. மறுநாள் தாலி கட்டியிருந்தால் சாதாரணத் துணைவர் விசாதான்: ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும், 2025 ஏப்ரல் கணக்கில் கட்டணம் 1,938 பவுண்டு, அதற்குமேல் மருத்துவ மேல்வரி 3,105 பவுண்டு. பிரிட்டிஷ் குடிமக்களுக்கும் ஒரு சந்து இருந்தது. மனைவி பிரிட்டிஷ்காரர், கணவர் இந்தியர். ஜெர்மனியில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். திரும்பும்போது பிரிட்டிஷ் விதி செல்லாது, ஒன்றியச் சட்டப்படியே கணவரை உள்ளே விட வேண்டும் என்று 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. அதுதான் சுரிந்தர் சிங் வழக்கு. பிரிட்டனின் வருமான வரம்பை எட்டமுடியாத தம்பதிகள் பல மாதம் டப்ளினில் போய் வேலை பார்த்துவிட்டு வருவார்கள். அந்தச் சந்தும் அடைபட்டது.

தமிழர்களுக்கு இது முதல் அனுபவம் அல்ல. 1937 ஏப்ரல் 1 அன்று பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பர்மா தனியாகப் பிரிந்தபோதும் முதலில் சில ஆண்டு போக்குவரத்து பழையபடியே இருக்கும் என்றார்கள். மறு ஆண்டே ரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரம். 1941இல் குடியேற்ற ஒப்பந்தம், அனுமதிச் சீட்டு. 1962இல் நே வின் ஆட்சிக்கு வந்தபின் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றம். பிரிந்த அன்று யாரும் வெளிநாட்டவர் ஆகவில்லை. கால் நூற்றாண்டில் ஆனார்கள்.

குறையும் என்றது கூடியது

வெளியேறும் அணியின் பெரிய வாக்குறுதி எல்லைக் கட்டுப்பாடு. அதற்குப் பின்னால் 2004 இருந்தது. போலந்து, லிதுவேனியா உள்ளிட்ட எட்டு கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் மட்டுமே வேலைச் சந்தையை உடனே திறந்தன. ஆண்டுக்கு நிகரமாக 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்று உள்துறை அமைச்சகத்துக்கான ஓர் ஆய்வு கணித்திருந்தது. ஜெர்மனியும் திறந்துவிடும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. ஜெர்மனி திறக்கவில்லை. இரண்டே ஆண்டில் 4.27 லட்சம் தொழிலாளர்கள் பதிந்தார்கள். முட்டைக்கோசும் காலிஃபிளவரும் வெட்டிப் பொதிகட்டும் லிங்கன்ஷயரின் பாஸ்டன் என்ற சிற்றூருக்கு அதன் அளவுக்கு மீறிய பங்கு வந்தது. ஊரின் மருத்துவமனையும் பள்ளியும் வாடகை வீடும் அதே அளவில் வளரவில்லை. 2016இல் நாட்டிலேயே அதிகமாக, 75.6 சதவீதம் வெளியேற வாக்களித்த ஊர் அதுதான்.

இதே வாக்குறுதியை ஆசிய வாக்காளரிடம் வேறு தொனியில் விற்றார்கள். ஐரோப்பியருக்குக் கதவு அகலத் திறந்திருப்பதால்தான் உங்கள் சமையல்காரருக்கு விசா கிடைக்கவில்லை, வெளியேறினால் கறி உணவகங்கள் பிழைக்கும் என்று பிரீத்தி பட்டேல் பிரசாரம் செய்தார். அப்போது வெளிநாட்டுச் சமையல்காரருக்கு 29,570 பவுண்டு சம்பளம் கொடுக்க வேண்டும், அந்த உணவகத்தில் பார்சல் விற்பனையும் இருக்கக்கூடாது என்று விதி. கறி உணவகமும் பார்சல் இல்லாமலா! ஆசியர்களில் 67 சதவீதம் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்ததாக அன்றைய ஆஷ்கிராஃப்ட் கருத்துக்கணிப்பு சொல்கிறது. ஆனாலும் மூன்றில் ஒருவர் மறுபக்கம் போனது சின்ன விஷயம் இல்லை. தெற்காசியர் நிறைந்த லூட்டனும் ஸ்லௌவும் வெளியேறும் பக்கம்தான் சாய்ந்தன.

2021 ஜனவரியில் புள்ளி முறை வந்தது. உரிமம் பெற்ற முதலாளியின் வேலைக்கு 20, வேலையின் தகுதி நிலைக்கு 20, ஆங்கிலத்துக்கு 10, சம்பளத்துக்கு 20. மொத்தம் 70 எடுத்தால் விசா. ஐரோப்பியரும் இந்தியரும் ஒரே வரிசை. கவனிக்க வேண்டியது, ஐரோப்பியருக்கு இறுக்கிய அதே கையால் மற்றவர்களுக்குத் தளர்த்தினார்கள். தகுதி பட்டப்படிப்பிலிருந்து பள்ளிப் படிப்பு அளவுக்கு இறங்கியது, சம்பள வரம்பு 25,600 பவுண்டு ஆனது, ஆண்டுக்கு 20,700 என்ற உச்சவரம்பு நின்றுபோனது. படிப்பை முடித்த மாணவர் இரண்டு ஆண்டு தங்கி வேலை தேடலாம் என்றார்கள். 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்புப் பணியாளரையும் சேர்த்தார்கள், காரணம் இங்கிலாந்தில் அந்தத் துறையில் 1.65 லட்சம் இடம் காலி. அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் வராததற்குக் காரணம் சம்பளம். சம்பளத்தைத் தீர்மானிப்பது நகராட்சிகள் கொடுக்கும் பணம். பிரெக்ஸிட் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை.

விளைவை எண்ணிலேயே பார்க்கலாம். வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு வெளியான நிகரக் குடியேற்றம், அதாவது ஓர் ஆண்டில் வந்தவரில் போனவரைக் கழித்த எண்ணிக்கை, 3.33 லட்சம், அதைக் காட்டித்தான் நாடே கொந்தளித்தது. 2023 ஜூனில் முடிந்த ஆண்டில் அது 9 லட்சத்தைத் தாண்டியது. உக்ரைன் போரும் ஹாங்காங் விசாவும் அதில் ஒரு பங்கு; பெரும்பங்கு படிப்பும் பராமரிப்புப் பணியும். ஐரோப்பியரில் வந்தவரைவிடப் போனவர் அதிகம். வந்தவர்களில் இந்தியர் முதலிடம், நைஜீரியர் அடுத்து.

உரிமையோடு வந்தவருக்கும் அனுமதியோடு வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் பராமரிப்பு இல்லங்களில் வெளிச்சமானது. போலந்துக்காரருக்கு முதலாளி சரியில்லையென்றால் அடுத்த தெருவில் வேறு வேலை. இந்தியப் பணியாளரின் விசா முதலாளி தரும் ஸ்பான்சர் சான்றிதழோடு கட்டிப்போடப்பட்டது. முதலாளியின் உரிமம் ரத்தானால் பணியாளருக்கு வழக்கமாக 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். இலவசமாகத் தர வேண்டிய அந்தச் சான்றிதழை ஏஜெண்டுகள் லட்சக்கணக்கில் விற்றார்கள். இல்லவே இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு 275 சான்றிதழ் வழங்கப்பட்டதையும், நான்கு பேர்தான் ஊழியர் என்று சொன்ன ஒரு நிறுவனத்துக்கு 1,234 கொடுத்ததையும் எல்லைத் துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை 2024இல் சொன்னது. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர்வரை இந்தத் துறையில் 470க்கு மேற்பட்ட உரிமங்கள் ரத்தாயின. அவற்றோடு சேர்ந்திருந்த பணியாளர்கள் 39,000 பேருக்கு மேல். தவறு செய்தது முதலாளி, கெடு ஓடியது தொழிலாளிக்கு.

பிறகு வந்தது எதிர்த்திசை. 2024 ஜனவரியில் பெரும்பாலான மாணவர் குடும்பத்தை அழைத்துவரத் தடை, மார்ச்சில் பராமரிப்புப் பணியாளருக்கும் அதே தடை, ஏப்ரலில் சம்பள வரம்பு 38,700. 2025 ஜூலையில் 41,700, தகுதி மறுபடி பட்டப்படிப்பு, வெளிநாட்டிலிருந்து புதிய பராமரிப்புப் பணியாளர் எடுப்பது நிறுத்தம். கறி சமையல்காரரின் கதவு நாலரை ஆண்டு திறந்திருந்து மூடியது. 2025 ஜூனில் முடிந்த ஆண்டில் நிகர எண்ணிக்கை சுமார் 2 லட்சத்துக்கு இறங்கியது. கட்டுப்பாடு கைக்கு வந்தது உண்மைதான். ஐந்தே ஆண்டில் இரண்டு துருவத்துக்கும் போகுமளவுக்கு வந்தது.

கடல்வழி வருகை தனிக் கதை. புகலிடம் கேட்பவரை அவர் முதலில் கால்வைத்த ஒன்றிய நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் டப்ளின் ஏற்பாடு 2020 முடிவோடு பிரிட்டனுக்கு இல்லாமல் போனது. அது இருந்தபோதும் பெரிதாகப் பயன்பட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: 2018இல் பிரிட்டன் அனுப்பியது 209 பேர், ஏற்றுக்கொண்டது 1,215 பேர். சிறுபடகில் வந்தவர்கள் 2018இல் 299, 2022இல் 45,774. இப்படி வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் சட்டவிரோதம் என்றது. கடைசியில் 2025இல் ஒருவரை அனுப்பினால் ஒருவரை ஏற்பது என்று பிரான்ஸோடு தனி ஒப்பந்தம் போட்டார்கள். அதாவது விட்டுவந்ததையே சின்ன அளவில் மறுபடி வாங்கினார்கள்.

வாக்கெடுப்பின் உடனடிச் சூடு சிறுபான்மையினர் மேல் விழுந்தது. இங்கிலாந்து, வேல்ஸில் 2016 ஜூலையில் பதிவான இன, மத வெறுப்புக் குற்றங்கள் முந்தைய ஜூலையைவிட 41 சதவீதம் அதிகம். ஹாமர்ஸ்மித்தில் போலந்துக்காரரின் பண்பாட்டு மையக் கதவில் வசை கிறுக்கப்பட்டது. இதில் வெள்ளைத் தோல் கொண்ட போலந்துக்காரரும் பிரிட்டனிலேயே பிறந்த பாகிஸ்தானிய வம்சாவளியினரும் ஒன்றாகத் திட்டு வாங்கினார்கள். வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி ஒன்றிய உறுப்பினர் நிலை பற்றியது. தெருவில் இருந்தவனுக்கு அது யார் இங்கே இருக்கலாம் என்ற கேள்வியாகவே பட்டது.

எல்லையை எங்கே வைப்பது?

ஒற்றுமை விஷயத்தில் மிகவும் அடிவாங்கியது வட அயர்லாந்து. அது பிரிட்டனின் பகுதி; தெற்கே அயர்லாந்து தனி நாடு, ஒன்றியத்தின் உறுப்பினர். வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் இருக்க வாக்களித்தது. அயர்லாந்துத் தீவில் சுமார் 500 கி.மீ. எல்லை, 200க்கு மேற்பட்ட கடவுகள். வட அயர்லாந்தின் நீண்ட வன்முறையை முடிக்க 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பின் ராணுவக் காவல் கோபுரங்கள் இறங்கின. வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்பது அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி. இரு நாடும் ஒரே ஒன்றியத்தில் இருந்ததால் இந்த இரட்டைத்தன்மையை யாரும் சோதித்துப் பார்க்க நேரவில்லை. கேள்விக்கு விடை சொல்லாமலே வாழ முடிந்தது. பிரெக்ஸிட் விடை கேட்டது.

ஒரு பக்கம் ஒன்றியத்தின் சந்தை, மறுபக்கம் அதற்கு வெளியே. நடுவில் சோதனை எங்காவது நடந்தே ஆகவேண்டும். நிலத்தில் வைத்தால் அயர்லாந்தோடு சேர விரும்பும் தேசியவாதிகள் பக்கம் எரியும். கடலில் வைத்தால் பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் பக்கம் எரியும். எங்கும் வைக்காமலிருக்க பிரிட்டன் முழுவதையும் சுங்க ஏற்பாட்டில் வைத்திருக்கலாம் என்ற தெரசா மேயின் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மூன்று முறை தோற்கடித்தது. முதல் முறை 230 வாக்கு வித்தியாசத்தில். போரிஸ் ஜான்சன் கடலைத் தேர்ந்தெடுத்தார்.

அதன் பொருள் என்னவென்று ஒரு லாரியைப் பின்தொடர்ந்தால் தெரியும். லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்ட் போகும் லாரியில் குளிரூட்டிய சாசேஜ் இருந்தால், வெளிநாட்டிலிருந்து அந்த இறைச்சி வரவே கூடாது என்பது ஒன்றிய விதி. ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்கு காலங்காலமாக வட அயர்லாந்து வயலுக்குப் போனது. வெளிநாட்டு விதை உருளைக்கிழங்குக்கு ஒன்றியத்தில் தடை என்பதால் நின்றது. ஒரே நாட்டின் ஒரு கடைத்தெருவிலிருந்து இன்னொன்றுக்குப் போக சுகாதாரச் சான்று. 2021 பிப்ரவரியில் மிரட்டல் எழுத்துகள் சுவரில் தோன்ற, லார்ன், பெல்ஃபாஸ்ட் துறைமுகங்களில் சோதனை ஊழியர்களைத் திரும்ப அழைத்தார்கள். ஏப்ரலில் பெல்ஃபாஸ்டில் பேருந்து எரிந்தது. அந்தக் கலவரத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் கடல் எல்லை அதில் ஒன்று. 2022 பிப்ரவரியில் யூனியனிஸ்டுகளின் டியூபி கட்சி வெளியேறியதால் மாகாண அரசு இரண்டு ஆண்டு முடங்கியது.

2023இன் விண்ட்சர் ஏற்பாடு லாரிகளை இரண்டு பாதையாகப் பிரித்தது. வட அயர்லாந்திலேயே விற்பனையாகும் சரக்கு பச்சைப் பாதையில், ‘ஒன்றியத்துக்கு அல்ல’ என்ற ஒட்டுச்சீட்டோடு, குறைந்த காகிதத்தில் போகும். தெற்கே போகக்கூடியது சிவப்புப் பாதையில் முழுச் சோதனைக்கு. பால் பாக்கெட்டின் ஒட்டுச்சீட்டு தினமும் காலையில் யூனியனிஸ்டின் சமையலறையில் அரசியல் பேசும் என்பதுதான் இதன் குறை.

பாஸ்போர்ட்டும் பேசியது. ஐரிஷ் பாஸ்போர்ட் இருந்தால் ஒன்றியக் குடிமகன்; பாரிஸிலோ பெர்லினிலோ போய் வேலை பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். 2011 கணக்கெடுப்பில் ஐரிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த வட அயர்லாந்துக்காரர்கள் சுமார் 3.76 லட்சம், 2021இல் 6.14 லட்சம். அவர்களில் எல்லாரும் ஐக்கிய அயர்லாந்து கேட்பவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலருக்கு அது விமான நிலையத்தின் குறுகிய வரிசை.

ஸ்காட்லாந்தின் பிரச்சினை வேறு. 2014இல் 55 சதவீதத்தினர் பிரிட்டனோடு இருக்க வாக்களித்ததற்கு ஒரு காரணம், பிரிந்தால் ஐரோப்பாவில் இடம் போய்விடும் என்ற பயம். இரண்டு ஆண்டில், 62 சதவீதம் இருக்க வாக்களித்தும் இடம் போனது. பிறப்பைவிட இறப்பு அதிகமான அந்த நாட்டுக்கு ஆள் வேண்டும். தனி விசா கேட்டு 2020 ஜனவரியில் எடின்பரோ வைத்த யோசனையை லண்டன் அன்றே நிராகரித்தது. மறு வாக்கெடுப்பு நடத்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் ஒரு முரண் இருக்கிறது: பிரெக்ஸிட் பிரிவினைக்கு நியாயத்தைக் கூட்டியது, அதன் செலவையும் கூட்டியது. ஸ்காட்லாந்து தனியாகி ஒன்றியத்தில் சேர்ந்தால், லார்ன் துறைமுகத்தில் நடக்கும் சோதனை இங்கிலாந்தின் தரை எல்லைக்கு வந்து நிற்கும்.

குடியேற்றம், உரிமை, எல்லை மூன்றும் ஒரே இடத்தில் மோதியது 2024இல். மனித உரிமையில் இருப்பது குறையாது என்று வெளியேற்ற ஒப்பந்தத்தில் வட அயர்லாந்துக்கு மட்டும் ஓர் உறுதி உண்டு. அதைக் காட்டி, 2023இல் பிரிட்டன் இயற்றிய ‘சட்டவிரோதக் குடியேற்றச் சட்டத்தின்’ முக்கியப் பிரிவுகள் வட அயர்லாந்தில் செல்லாது என்று 2024 மே 13 அன்று பெல்ஃபாஸ்ட் உயர்நீதிமன்றம் தீர்த்தது. ஒரே நாட்டில் கடலுக்கு இப்புறம் ஒரு புகலிடச் சட்டம், அப்புறம் வேறு என்று அப்போது ஆனது. அதற்கு முந்தைய மாதம்தான், தங்களிடம் வரும் புகலிடக் கோரிக்கையாளரில் 80 சதவீதத்துக்கு மேல் வட அயர்லாந்து வழியாக வருவதாக அயர்லாந்து நீதி அமைச்சர் சொல்லியிருந்தார். பெல்ஃபாஸ்டிலிருந்து வரும் பேருந்துகளை எல்லை தாண்டியதும் நிறுத்தி ஐரிஷ் போலீஸ் ஏறிப் பார்க்கிறது. வடக்கே போகும் பக்கம் வழக்கமான சோதனை இல்லை. ஆனால் 2025 முதல், டப்ளினில் இறங்கி வட அயர்லாந்தின் கடற்கரையைப் பார்க்கப் போகும் அமெரிக்கச் சுற்றுலாப் பயணியோ ஸ்பெயின்காரரோ பிரிட்டனின் மின்னணுப் பயண அனுமதி வாங்கியிருக்க வேண்டும். எல்லைக்குத் தெற்கே அயர்லாந்து நாட்டில், டோனகல் மாவட்டத்தின் லெட்டர்கென்னியில் வேலை பார்க்கும் இந்திய நர்ஸுக்கு முன்பிருந்தே முழு பிரிட்டிஷ் விசா தேவை. அங்கிருந்து வட அயர்லாந்தின் டெர்ரி சுமார் 35 கி.மீ. வழியில் சாவடி இல்லை, பலகைகூட ஒழுங்காக இல்லை; வேகத்தைக் கிலோமீட்டரில் சொல்லிவந்த பலகை மைலுக்கு மாறும்போதுதான் எல்லை தாண்டியது தெரியும்.